நினைவு வந்துடுச்சா? பிரக்ஞை, தன்னுணர்வு: ஓர் எளிய விளக்கம்

வேலூரில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் வாசலில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "சிஸ்டர், அவருக்கு நினைவு வந்துடுச்சா?" ஆரணியிலிருந்து வந்த அம்மா தமிழில் கேட்பார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் கொல்கத்தாக்காரர் அதையே வங்காளத்தில் கேட்பார். "கண்ணு முழிச்சிருக்காரும்மா, ஆனா கூப்பிட்டா இன்னும் பதில் இல்ல" என்பார் நர்ஸ். அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று கேட்டவருக்குப் புரியாது.

நர்ஸ் மழுப்பவில்லை. அந்த ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆள் விழித்திருக்கிறாரா? விழித்திருந்தால் வலி, வெளிச்சம், மனைவியின் குரல் என்று எதையாவது உள்ளே உணர்கிறாரா? உணர்கிறார் என்றால், அதை உணர்வது 'நான்' என்று அவருக்குத் தெரிகிறதா? முதலாவதை விழிப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பிரக்ஞை. மூன்றாவது தன்னுணர்வு. புத்தகத்துக்குப் புத்தகம் இவற்றின் பெயர் மாறும். மூன்றும் வேறு வேறு என்பதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் ஓரளவு சுலபம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழிப்பை வெளியிலிருந்து பார்த்தே சொல்லிவிடலாம். தன்னுணர்வுக்கு ஏதோ சில சோதனைகள் உண்டு. நடுவில் இருக்கிற பிரக்ஞைதான் இன்றுவரை யார் கைக்கும் சிக்கவில்லை. மேடைகளிலும் வீடியோக்களிலும் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் முதலாவதையோ மூன்றாவதையோ விளக்கிவிட்டு, இரண்டாவதும் முடிந்தது என்று கைகழுவிவிடுகிறார்கள்.

சரி, விழிப்பிலிருந்து தொடங்கலாம். தலையில் அடிபட்டு வருகிறவரின் கட்டிலருகே தொங்கும் சார்ட்டில் ஒரு மதிப்பெண் இருக்கும். 1974-இல் கிரகாம் டீஸ்டேல், பிரயன் ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் ஸ்காட்லாந்தில் உருவாக்கிய கிளாஸ்கோ கோமா அளவுகோல் அது. கண் திறப்பதற்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. எதற்குமே அசையாதவருக்கும் 3 உண்டு, பூஜ்யம் கிடையாது. 8-க்கு மேல் ஏறவில்லை என்றால் நிலைமை மோசம், கோமா என்று எடுத்துக்கொள்வார்கள்.

இந்த அளவுகோல் எதை அளக்கிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். இமை, நாக்கு, கை, கால். பெயர், ஊர், தேதி சரியாகச் சொன்னால் பேச்சுக்கு முழு மதிப்பெண். தொண்டையில் குழாய் போட்டிருந்தால் பேச்சை அளக்கவே முடியாது. கேட்கிற மொழி தெரியாதவர் பாவம், நினைவோடு இருந்தும் மதிப்பெண் இழப்பார். (நாலு வார்த்தை வங்காளமும் இந்தியும் தெரிந்த நர்ஸுக்கு இந்த ஊரில் தனி மரியாதை இருப்பதில் ஆச்சரியமில்லை.) ஆக, அளக்கப்படுவது உடம்பின் பதில். உள்ளே உணரப்படுவதை அதிலிருந்து ஊகிக்கிறோம், அவ்வளவுதான். அவசர நேரத்தில் இந்த ஊகம் பெரும்பாலும் போதுமானது. எப்போதும் போதாது என்பதற்கு ஒரு பெண்ணின் கதை சாட்சி.

2005-இல் இங்கிலாந்தில் 23 வயதுப் பெண் ஒருவர் சாலை விபத்தில் சிக்கினார். ஐந்து மாதங்கள் கழித்தும் கண் திறப்பார், மூடுவார், தூங்குவார், விழிப்பார். சொன்ன எதற்கும் பதில் இல்லை. விழிப்பு இருக்கிறது, பிரக்ஞை இல்லை என்ற வகையில் அவரைச் சேர்த்தார்கள். ஏட்ரியன் ஓவன் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தப் பெண்ணை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். பிறகு, "உங்கள் வீட்டில் ஒவ்வோர் அறையாக நடந்து போவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். டென்னிஸ் என்றபோது உடல் அசைவைத் திட்டமிடும் பகுதியிலும், வீடு என்றபோது இடங்களை நினைவில் கொண்டுவரும் பகுதியிலும் ரத்த ஓட்டம் கூடியது. நல்ல நிலையில் இருப்பவர்களின் மூளையிலும் அதே கேள்விகளுக்கு அதே இடங்கள்தான் வேலை செய்தன. 2006-இல் இந்த ஆய்வு வெளியானது.

பாலாறு வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான். பாலத்தின் மேலிருந்து பார்க்கிற வெளியூர்க்காரர் ஆறு செத்துவிட்டது என்றே நினைப்பார். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அதே மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் மொண்டு குடித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் நிலை அதுதான். மேலே அசைவில்லை, அடியில் ஓட்டம் இருந்தது.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 2010-இல் 54 நோயாளிகளைச் சோதித்ததில் 5 பேர் சொன்னபடி கற்பனை செய்து காட்டினார்கள். அவர்களில் ஒருவர் 'ஆம்' என்றால் டென்னிஸ், 'இல்லை' என்றால் வீடு என்று வைத்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதிலே சொன்னார். 2024-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், வெளியே எந்தப் பதிலும் காட்டாத 241 பேரில் 60 பேர், அதாவது நாலில் ஒருவர், ஸ்கேனிலோ மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யிலோ கட்டளைக்கு இணங்கினார்கள். மற்ற 181 பேருக்கு உள்ளே ஒன்றுமில்லை என்று இதற்கு அர்த்தம் ஆகாது. சொன்னதைக் கேட்டு, புரிந்துகொண்டு, சில நிமிடம் விடாமல் கற்பனை செய்ய முடிந்தவர்கள் மட்டுமே இந்தச் சோதனையில் தேறுவார்கள். வலியை மட்டும் உணர்ந்துகொண்டு கிடப்பவரை இதுவும் கோட்டைவிட்டுவிடும்.

அப்படியானால் இந்தப் பிரக்ஞை மூளையில் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்கும் வேலூருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அப்படியொரு துறை அதுதான் முதல். அதற்கு முன் அவர் பயிற்சி பெற்ற இடங்களில் ஒன்று கனடாவின் மாண்ட்ரியல், ஆசிரியர் வைல்டர் பென்ஃபீல்ட். மூளையைத் தொட்டுப் பார்த்து மனசைத் தேடியவர்களில் பென்ஃபீல்டைப்போல் இன்னொருவரைச் சொல்வது கஷ்டம்.

அவர் வலிப்பு நோயாளிகளுக்கு விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்து அறுவை செய்வார். தோலுக்கும் எலும்புக்கும் மரத்துப்போக ஊசி போட்டால் போதும், மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வெட்டக் கூடாத இடம் எது என்று கண்டுபிடிக்க, மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு "என்ன தெரிகிறது?" என்று நோயாளியையே கேட்பார். ஓரிடத்தில் விரல் கூசும், இன்னோரிடத்தில் பேச்சு நிற்கும். காதுக்குப் பக்கத்தில் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியைத் தொட்டபோது சிலருக்கு எப்போதோ கேட்ட பாட்டு ஒலித்தது. கையை இயக்கும் இடத்தைத் தொட்டால் கை அசையும். அப்போது நோயாளிகள் சொன்னதுதான் முக்கியம்: அதை நான் செய்யவில்லை, நீங்கள்தான் செய்தீர்கள்.

கை அவருடையது, அசைவும் அதே மூளையிலிருந்து வந்தது. ஆனாலும் 'நான் செய்தேன்' என்ற உணர்வு வரவில்லை. அசைவும் 'என் அசைவு' என்ற உணர்வும் தனித்தனியாக உண்டாகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. பென்ஃபீல்ட் எங்கே தொட்டும் நோயாளியை ஒரு முடிவு எடுக்கவோ ஒன்றை நம்பவோ வைக்க முடியவில்லை. மனசை மூளையைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது என்று வாழ்நாளின் கடைசியில் அவர் எழுதினார். அந்த முடிவுக்குத் தாவியது அவசரம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு புள்ளியைத் தொட்டு வராதது, பல பகுதிகள் சேர்ந்து இயங்கும்போது வரலாமே.

எண்ணிக்கையும் கைகொடுக்கவில்லை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் ஏறக்குறைய 6,900 கோடி பின்மண்டைக்குக் கீழே இருக்கும் சிறுமூளையில் இருக்கின்றன. அப்படியானால் பிரக்ஞையின் வீடு சிறுமூளையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் 2014-இல் சீன மருத்துவர்கள் 24 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். தலைசுற்றல், வாந்தி என்று வந்தவரை ஸ்கேன் செய்து பார்த்தால் சிறுமூளையே இல்லை. நடையில் தள்ளாட்டம் இருந்தது, பேச்சு கொஞ்சம் குழறியது. ஆனால் அவர் முழு நினைவோடு இருந்தார், கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றிருந்தார். ஆக, எத்தனை அணுக்கள் என்பதைவிட அவை எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன என்பதுதான் விஷயம்போல.

இனி நடுவில் நிற்கும் அந்தச் சிக்கலான ஆளை, பிரக்ஞையைப் பார்ப்போம். ஆம்பூரில் பிரியாணி தம் உடைக்கிற நேரத்தில் கடை வாசலில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். மசாலாவின் மூலக்கூறுகள் மூக்கில் ஏறுகின்றன. மனித மூக்கில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் வேலை செய்கின்றன. இத்தகைய ஏற்பிகளின் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 1991-இல் கண்டறிந்தார்கள், 2004-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். ஏற்பி தூண்டப்படுகிறது, மின்குறிப்பு மூளைக்குப் போகிறது, எச்சில் ஊறுகிறது, கால் கடைக்குள் போகிறது. இதில் ஒவ்வொரு படியையும் விளக்கலாம். எல்லாப் படிகளையும் விளக்கி முடித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். இவ்வளவும் இருட்டில் நடக்கிற வெறும் வேலையாக முடிந்திருக்கலாமே, அந்த மணம் உங்களுக்கு 'மணக்க' வேண்டிய அவசியம் என்ன?

ஆஸ்திரேலியத் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1990-களின் நடுவில் இதற்குக் 'கடினமான பிரச்சினை' என்று பெயர் வைத்தார். கவனம், நினைவாற்றல், பேச்சு இவற்றையெல்லாம் விளக்குவது அவர் கணக்கில் 'சுலபமான' பிரச்சினைகள். அதற்கே நூறு வருடம் ஆகலாம், அது வேறு விஷயம். அவருக்கு முன்பே 1974-இல் தத்துவவாதி தாமஸ் நேகல் வௌவாலை வைத்து இதைக் கேட்டார். கோயில் மண்டபத்து இருட்டில் தொங்குகிற வௌவாலின் காது, ஒலி, மூளை எல்லாவற்றையும் நாம் தெரிந்துகொள்ளலாம். எதிரொலியால் உலகத்தை உணர்வது அந்த வௌவாலுக்கு எப்படி இருக்கிறது என்பது நமக்குக் கிடைக்காது. அப்படி 'இருப்பது' என்று ஒன்று ஓர் உயிருக்கு இருந்தாலே அதற்குப் பிரக்ஞை உண்டு என்கிறார் நேகல். அறிவும் சிந்தனையும் அதற்குப் பிறகுதான்.

உணராமலேயே வேலை மட்டும் நடக்குமா என்றால், நடக்கிறது. உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் 1970-களில் ஒரு நோயாளியை ஆராய்ந்தார். மூளையின் பார்வைப் பகுதியில் ஒரு பக்கம் அறுவையில் எடுக்கப்பட்டதால், தன் எதிரே பாதிப்பக்கம் எதுவும் தெரியவில்லை என்பார் அவர். அந்தப் பக்கத்தில் விளக்கைப் போட்டு, "சும்மா குத்துமதிப்பாகக் கையைக் காட்டுங்கள்" என்றால் பெரும்பாலும் சரியாகக் காட்டினார். தற்செயலாக அத்தனை முறை சரியாக வராது. பார்வையின் வேலை நடந்தது, பார்க்கிற அனுபவம் மட்டும் இல்லை. அந்த அனுபவம் எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல இன்னும் ஆள் இல்லை.

கோட்பாடுகளுக்குக் குறைச்சல் இல்லை. தகவல் மூளையின் ஒரு மூலையில் அடங்கிவிடாமல் எல்லாப் பகுதிகளுக்கும் ஒலிபரப்பாகும்போது பிரக்ஞை வருகிறது என்பது ஒரு கட்சி. இதை 1988-இல் தொடங்கியவர் பெர்னார்ட் பார்ஸ். தகவல் எந்த அளவுக்குப் பிரிக்க முடியாமல் ஒன்றோடொன்று பின்னியிருக்கிறதோ அந்த அளவுக்குப் பிரக்ஞை என்பது ஜூலியோ டொனோனியின் கட்சி. இரண்டு தரப்பும் சேர்ந்தே திட்டமிட்ட சோதனையின் முடிவுகள் 2023-இல் வந்தன. இரண்டுக்கும் அடி விழுந்தது. அதே வருடம் 124 அறிஞர்கள் கையெழுத்துப் போட்டு டொனோனியின் கோட்பாட்டைப் போலி அறிவியல் என்றார்கள். துறைக்குள்ளேயே பெரிய ரகளை. கிறிஸ்டோஃப் கோக் என்ற விஞ்ஞானி 1998-இல் சால்மர்ஸோடு பந்தயம் கட்டியிருந்தார், 25 வருடத்துக்குள் மூளையில் பிரக்ஞையின் தெளிவான அடையாளம் கிடைத்துவிடும் என்று. 2023 ஜூனில் நியூயார்க் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

மூன்றாவது கேள்வி, தன்னுணர்வு. இதற்குப் பெயர்பெற்ற சோதனை கண்ணாடிதான். 1970-இல் கார்டன் கேலப் என்ற உளவியலாளர், சிம்பன்சிகளைச் சில நாள் கண்ணாடியோடு பழகவிட்டார். பிறகு மயக்கம் கொடுத்து, புருவத்துக்கு மேலும் காதிலும் சிவப்புச் சாயம் வைத்தார். விழித்தெழுந்து கண்ணாடியைப் பார்த்த சிம்பன்சிகள் கையைக் கண்ணாடியை நோக்கி நீட்டவில்லை, தங்கள் புருவத்தைத் தொட்டுப் பார்த்தன. குரங்குகள் அப்படிச் செய்யவில்லை. மனிதக் குழந்தைகள் சுமார் ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் இதில் தேறுகிறார்கள்.

வீட்டில் குழந்தை இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். திருஷ்டிப் பொட்டை வைத்துச் செய்யாதீர்கள். தினமும் கன்னத்தில் அந்தக் கறுப்பைப் பார்த்துப் பழகிய குழந்தைக்கு அதில் அதிசயம் எதுவும் இல்லை. தொட்டுப் பார்க்கவில்லை என்று பாட்டி கவலைப்படுவதுதான் மிச்சம். தூங்கும்போது நெற்றியில் வேறு நிறத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, எழுந்ததும் கண்ணாடி முன்னால் விடுங்கள். தொடவில்லை என்றால் பயப்படவும் வேண்டாம். 2011-இல் வெளியான ஆய்வில் கென்யக் குழந்தைகளில் பெரும்பாலோர், தேற வேண்டிய வயதைத் தாண்டியும், குறியைத் தொடாமல் கண்ணாடியை வெறித்துப் பார்த்து நின்றார்கள். அவர்களுக்குத் தன்னுணர்வு இல்லை என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை. அந்நியர் முன்னிலையில் என்ன செய்வது என்று புரியாமல் நின்றிருக்கலாம்.

மிருகங்களுக்கும் இதே கதைதான். பைக் கண்ணாடியில் தெரியும் உருவத்தோடு சண்டை போட்டுக் கொத்துகிற தவிட்டுக்குருவியை எல்லோரும் பார்த்திருப்போம். அது தோற்றுவிட்டது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் ஆந்திரக் காட்டிலிருந்து இறங்கி மாந்தோப்பை மிதிக்கிற யானைகளின் இனம் தேறியிருக்கிறது. 2006-இல் நியூயார்க் விலங்கியல் பூங்காவில் ஹேப்பி என்ற ஆசிய யானை, தன் நெற்றியில் இட்ட வெள்ளைக் குறியைக் கண்ணாடி பார்த்துத் துதிக்கையால் தொட்டது. நாய் தேறாது. ஆனால் நாயின் உலகம் மூக்கில் இருக்கிறது. 2017-இல் அதன் சிறுநீர் வாசனையையே கொஞ்சம் மாற்றி வைத்தபோது, அதை அது அதிக நேரம் மோந்து பார்த்தது. 2019-இல் விரல் நீள மீன் ஒன்றும், தொண்டையில் இட்ட குறியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மணலில் தேய்த்துக்கொண்டதாகச் சொன்னார்கள். கேலப் அதை ஏற்கவில்லை.

என் கேள்வி வேறு. கண்ணாடியில் தோற்ற நாயின் கால்மேல் ஆட்டோ ஏறினால் அது ஊளையிடுகிறதே, அந்த வலிக்கு 'நான்' வேண்டுமா? வேண்டாம் என்றே நினைக்கிறேன். வலிக்க, பசிக்க, குளிர பிரக்ஞை போதும். 'இது என் வலி, போன வாரமும் வலித்தது, நாளைக்கும் வலிக்குமோ' என்பதுதான் தன்னுணர்வு. தன்னுணர்வு இல்லாத உயிருக்கு உணர்வே இல்லை என்று முடிவு கட்டியதால் மிருகங்களுக்கு மனிதர்கள் செய்த கொடுமை கொஞ்சமில்லை. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவிலிருந்து ஆறறிவு வரை வரிசைப்படுத்தும்போது, புல்லுக்கும் மரத்துக்கும்கூடத் தொடு உணர்வு உண்டு என்று தொடங்கி, மனத்தை ஆறாவதாகத்தான் வைக்கிறது. மரத்தைப் பற்றி இன்றைய அறிவியல் ஒத்துக்கொள்ளாது. ஆனால் உணர்வையும் மனத்தையும் ஒரே மூச்சில் சொல்லாமல் பிரித்து வைத்த விவேகம் அதில் இருக்கிறது.

'நான்' என்பதே எப்படிக் கட்டப்படுகிறது? இங்கேயும் வேலூர் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1946-இல் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். இந்த நோயில் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று அதுவரை நம்பிவந்தார்கள். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதுதான் காரணம் என்று அவர் காட்டினார். கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. புண்ணாகி, சீழ் பிடித்து, விரல் குறுகிக்கொண்டே போகும். சிலருக்கு ராத்திரியில் திடீரென்று விரல்நுனி காணாமல் போன மர்மத்தை ஆராய்ந்தபோது, தூக்கத்தில் எலி கடித்துத் தின்றிருப்பது தெரிந்தது. கடிபட்டவர் எழுந்திருக்கவே இல்லை. அதன் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள்.

இதில் பிராண்ட் கவனித்த இன்னொன்றுதான் நம் விஷயம். உணர்ச்சி போன கைகள் தங்களுடையவைபோலவே தோன்றவில்லை, ஏதோ கருவியைப் பயன்படுத்துவதுபோல இருக்கிறது என்று நோயாளிகள் அவரிடம் சொன்னார்கள். கண்ணால் பார்க்கிறார்கள், அசைக்கிறார்கள், தோளிலிருந்து ஒட்டித்தான் இருக்கிறது. ஆனாலும் 'என் கை' என்பது கழன்றுவிட்டது.

இதன் மறுபக்கத்தை 1998-இல் மேத்யூ பாட்வினிக், ஜோனதன் கோஹன் இருவரும் ரப்பர் கையை வைத்துக் காட்டினார்கள். உங்கள் கையை ஓர் அட்டைக்குப் பின்னால் மறைத்து, எதிரே ஒரு பொம்மைக் கையை வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தூரிகையால் வருட வேண்டும். சில நிமிடத்தில் பலருக்கு அந்தப் பொம்மைக் கையிலேயே வருடல் தெரிய ஆரம்பித்துவிடும். வருடும் நேரம் முன்பின் ஆனால் மாயம் கலைந்துவிடும். கையுறையில் பஞ்சடைத்து வீட்டிலேயே செய்து பார்க்கலாம், சாயந்தரம் நல்ல பொழுதுபோக்கு. கண்ணும் தொடுகையும் ஒத்துப்போனால் 'எனது', ஒத்துப்போகாவிட்டால் 'எனதல்ல'. 'நான்' என்று உறுதியாக நினைப்பதன் ஒரு பகுதி இப்படி நொடிக்கு நொடி மூளை போடுகிற கணக்கு.

'என் உடம்பு' என்பதே மூளை போடும் கணக்கு என்றால், அந்த 'நான்' உண்மையில் யார்? வெளியிலிருந்து கேட்டதெல்லாம் போதும் என்று இதை உள்ளிருந்து கேட்டவர் நம் பழைய வடாற்காடு மாவட்டத்திலேயே இருந்தார். 1989-இல் மாவட்டம் பிரியும்வரை திருவண்ணாமலையும் வடாற்காடுதான். 1896 ஜூலையில் மதுரையில் 16 வயது வெங்கடராமனுக்குத் திடீரென்று சாவு பயம் பிடித்தது. ஓடிப்போய் யாரையும் கூப்பிடாமல், செத்தவன்போல விறைத்துப் படுத்து மூச்சை அடக்கி, 'உடம்பு செத்துவிட்டது, நானும் செத்துவிட்டேனா?' என்று பார்த்தான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தான், பிறகு ரமணர் ஆனான். 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர் கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாமல் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் 'நான் யார்?' என்ற சிறு நூல்.

அதில் சொல்லப்படும் வழி எளியது. ஒரு நினைப்பு எழுகிறது. இது யாருக்கு எழுந்தது? எனக்கு. அந்த நான் யார்? இப்படிக் கவனத்தை நினைப்பின் பொருளிலிருந்து நினைப்பவர் பக்கம் திருப்புவது. எந்த ஸ்கேனும் எட்டிப் பார்க்க முடியாத இடத்தைப் பார்க்கும் முறை என்ற வகையில் இதற்கு மதிப்பு உண்டு. இப்படிப் பார்த்துக் கடைசியில் மிஞ்சுவது உடம்போடு அழியாதது என்ற முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளே பார்ப்பது இப்போது என்ன இருக்கிறது என்று சொல்லும். மூளை நின்ற பிறகு என்ன இருக்கும் என்று அதனால் எப்படிச் சொல்ல முடியும்? பக்தர்கள் கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளட்டும்.

உள்ளே பார்த்த எல்லோரும் ஒரே பதிலோடு திரும்பவும் இல்லை. வேலூரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்று சொல்லப்படும் பௌத்தத் தர்க்கவாதி திக்நாகர், சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு வேறு பதில் வைத்திருந்தார். ஒவ்வோர் அறிவும் தன்னைத் தானே அறிந்துகொண்டுதான் எழுகிறது, அதை அறிய அதற்குப் பின்னால் தனியாக ஓர் ஆத்மா உட்கார்ந்திருக்கத் தேவையில்லை என்றார். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1739-இல் கிட்டத்தட்ட அதே வழியில் போனார். எனக்குள் நான் தேடும்போதெல்லாம் ஒரு சூடு, ஒரு குளிர், ஒரு வெறுப்பு என்று ஏதாவது தட்டுப்படுகிறதே ஒழிய, 'நான்' தனியாக அகப்படவில்லை என்றார். பென்ஃபீல்டின் நோயாளியையும் பிராண்டின் நோயாளியையும் சேர்த்துப் பார்க்கும்போது என் ஓட்டு திக்நாகருக்குத்தான் விழும். 'நான்' கழற்றக்கூடிய பல துண்டுகளால் ஆனதாகத்தான் தெரிகிறது. உணர்வு அப்படித் துண்டு துண்டாகக் கழல்வதில்லை.

இப்போது கல்லூரி மாணவர்கள் அதிகம் கேட்பது இயந்திரத்தைப் பற்றி. செல்போனில் பேசுகிற செயற்கை நுண்ணறிவு 'நான் நினைக்கிறேன்', 'எனக்குப் புரிகிறது' என்கிறதே, அதற்கும் பிரக்ஞை உண்டா? 2022-இல் கூகுள் பொறியாளர் ஒருவர் தான் சோதித்த நிரலுக்கு உணர்வு உண்டு என்று பகிரங்கமாகச் சொன்னார். நிறுவனம் மறுத்தது, அவர் வேலையை இழந்தார். மேலே பார்த்த மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டால் குழப்பம் கொஞ்சம் தெளியும். விழிப்பு என்று சொல்ல அதற்குத் தூக்கமே இல்லை. தன்னைப் பற்றிய விவரங்களைச் சரியாகச் சொல்கிறது, தன் பதிலில் உள்ள தவறைத் திருத்துகிறது. மூன்றாவது கேள்விக்கு ஏதோ பாதி மதிப்பெண் கொடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்கும் 'ஆம்' போட்டுவிட ஆசை வரும். நாயிடம் தன்னுணர்வைக் காணாமல் உணர்வே இல்லை என்றவர்கள் செய்த அதே கோளாறு இது, திசை மட்டும் தலைகீழ்.

அதன் வாக்குமூலத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்துத்தான் அது பேசக் கற்றுக்கொண்டது, அதில் பக்கத்துக்குப் பக்கம் வலியும் ஏக்கமும் 'நானும்' இருக்கின்றன. தத்துவவாதி சூசன் ஷ்னைடரும் வானியலாளர் எட்வின் டர்னரும் இதற்கு ஒரு சோதனை சொன்னார்கள். பிரக்ஞை, ஆத்மா, உள்ளுணர்வு பற்றிய எதையும் படிக்கக் கொடுக்காமல் ஓர் இயந்திரத்தை வளர்க்க வேண்டும். பிறகு, உடம்பை விட்டு வெளியே இருப்பது, இறந்த பின் இருப்பது போன்றவற்றைப் பற்றி அது எவ்வளவு இயல்பாகப் புரிந்துகொண்டு பேசுகிறது என்று பார்க்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகவே அந்தக் கேள்விகளுக்கு வந்து சேர்ந்தால் கொஞ்சம் யோசிக்கலாம். இன்று நம் கையில் இருக்கும் நிரல்களை இந்தச் சோதனைக்கு உட்காரவைக்க முடியாது. அவை நேகலின் வௌவாலையும் படித்திருக்கும், சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளையும் ரமணர் எழுதிக் காட்டிய பதில்களையும் படித்திருக்கும்.